பயிற்சியின் அளவும் பெற்றோர் கடனும்

காய்ச்சலுக்கு மருந்து தரும் மருத்துவர், நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்று சீட்டில் எழுதித் தருகிறார். அளவு குறைந்தால் நோய் தீராது; மிகுந்தால் மருந்தே தீங்காகும். இதனை எல்லாரும் அறிவர். ஆனால், மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சி எவ்வளவு தரப்பட வேண்டும் என்னும் வினாவிற்கு அத்தகைய தெளிந்த சீட்டு எளிதில் கிடைப்பதில்லை. வாரம் ஒரு நாளா, நாள்தோறுமா? அரைமணி நேரமா, நான்கு மணி நேரமா? ஐந்து வயது வரையிலா, ஆயுள் முழுவதுமா? பெற்றோர் பலர் இவ்வினாவைச் சுமந்துகொண்டு ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அலைகின்றனர். 'எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்று' என்பார் சிலர்; 'என்ன செய்தும் பயனில்லை' என்பார் வேறு சிலர். இவ்விரண்டிற்கும் நடுவே நேரிய அளவு யாது என்பதனை இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறோம்.

இது மருத்துவர் மட்டுமே தீர்க்கத்தக்க வினா அன்று என்பது நம் கருத்து. பயிற்சிக்காகச் செலவாவது பணம் மட்டுமன்று. குழந்தையின் பிள்ளைப் பருவம் செலவாகிறது. தாயின் உடல் வலிமை செலவாகிறது. உடன்பிறந்தார்க்கு உரிய நேரமும் அதில் சேர்ந்தே செலவாகிறது. எதனைக் கொடுத்து எதனைப் பெறுகிறோம் என்று எண்ணத் தொடங்குமிடத்து, அது அறத்தைப் பற்றிய வினாவாகவும் ஆகிவிடுகிறது.

நோயின் இயல்பு

குழந்தை கருவிலிருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சின்னாட்களிலோ மூளையில் ஏற்படும் ஊறு, உடலின் அசைவையும் நிலையையும் பாதிப்பதே மூளை முடக்குவாதம் எனப்படுகிறது. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். அதனால் நெடுங்காலம் இது 'லிட்டில் நோய்' என்றே வழங்கியது. இன்று பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் இரண்டு அல்லது மூன்று குழந்தைகளுக்கு இது நேர்வதாகக் கணக்கிடுகின்றனர்.

இந்நோயைப் பற்றி இரண்டு உண்மைகளை மனத்தில் இருத்த வேண்டும். மூளையில் ஏற்பட்ட ஊறு வளர்வதில்லை; பயிற்சியால் அது அழிவதுமில்லை. இது முதல் உண்மை. உடலோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. எலும்பு நீளும் வேகத்திற்கு இறுகிய தசை நீள இயலாமையால், கணுக்கால் வளைகிறது. முழங்கால் மடங்கி நிற்கிறது. இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. ஆதலின், மூளையின் நிலை மாறாதிருப்பினும் உடலின் நிலை ஆண்டுதோறும் மாறும் என்பது இரண்டாம் உண்மை. முதல் உண்மையை மறந்தவர்கள் அளவுக்கு மீறிப் பயிற்சி தருகின்றனர். இரண்டாவதை மறந்தவர்கள் பயிற்சியையே கைவிடுகின்றனர்.

மலையூரில் ஒரு கணக்கு

அளவைப் பற்றிய வினா ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்கும்பொருட்டு, சேர்வராயன் மலையில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்திலிருந்து செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காட்டு ஏரியையும் மே மாதத்துக் கோடை விழா மலர்க்காட்சியையும் நம்மில் பலர் கண்டு மகிழ்ந்திருப்போம். அவற்றிற்கு அப்பால், காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் வாழ்கின்றனர்.

அத்தகைய சிற்றூர் ஒன்றில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றிற்கு இந்நோய் உள்ளதெனக் கொள்வோம். வாரம் இருமுறை சேலத்திற்கு வந்து பயிற்சி பெறுக என்று அறிவுறுத்தப்படுகிறது. விடியலில் புறப்பட்டுப் பேருந்து நிற்குமிடம் வரை குழந்தையை இடுப்பில் சுமந்து, வளைவுகளில் குழந்தை வாந்தியெடுக்க, ஊர் சேர்ந்து, காத்திருந்து, ஒரு மணி நேரப் பயிற்சி பெற்று, பொழுது சாயத் தாய் இல்லம் திரும்புகிறாள். ஓராண்டிற்கு இவ்வாறு 104 நாள்கள். கிடைக்கும் பயிற்சி 104 மணி நேரம். ஒவ்வொரு மணி நேரப் பயிற்சிக்கும் ஒரு நாள் கூலி போகிறது. வீட்டிலுள்ள மற்றக் குழந்தையின் ஒரு நாளும் போகிறது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அக்குடும்பம் அவ்விழப்பைத் தாங்குமா? தாங்காது. அப்போது பயிற்சி நின்றுவிடுகிறது. 'பெற்றோர்க்கு அக்கறையில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது. அக்குடும்பத்தால் சுமக்க இயலாத அளவைக் குறித்துக் கொடுத்தவர்கள் யாவர் என்று கேட்பாரில்லை.

மிகுதியின் தீங்கு

மிகுதியான பயிற்சியே நன்மை தரும் என்னும் எண்ணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கிளென் டோமன், கார்ல் டெலகாட்டோ ஆகியோர் வகுத்த முறையொன்று 1960களில் பெரும் புகழ் பெற்றது. பெரியவர் பலர் சூழ்ந்து நின்று குழந்தையின் தலையையும் கை கால்களையும் குறித்த ஒழுங்கில் அசைக்க வேண்டும்; நாளுக்குப் பன்முறை, வாரத்தின் ஏழு நாளும் அதனைச் செய்ய வேண்டும். இல்லம் முழுவதும் ஒரு பட்டறையாக மாறிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1968, 1982, 1999 ஆகிய ஆண்டுகளில் இம்முறையை ஆராய்ந்து, இதற்கெனத் தனிச்சிறப்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், குடும்பத்தின்மேல் இது சுமத்தும் பாரம் தீங்கு விளைக்கவும் கூடும் என்றும் எச்சரித்தது.

வேறு ஆய்வுகளும் உள்ளன. 1988இல் அமெரிக்காவில் பால்மர் முதலிய மருத்துவர்கள், கால்களில் இறுக்கம் மிகுந்த 48 சிறு குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவிற்கு ஓராண்டு முழுவதும் இயன்முறைப் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றொரு குழுவிற்கு முதல் ஆறு மாதம் விளையாட்டும் பேச்சும் அசைவும் கலந்த பொதுவான வளர்ச்சித் தூண்டலும், அடுத்த ஆறு மாதம் இயன்முறைப் பயிற்சியும் தரப்பட்டன. ஆண்டின் முடிவில் இரண்டாம் குழுவே உடலசைவில் முன்னின்றது. இங்கிலாந்தில் போவர் முதலியோர் 56 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், செறிவாகப் பயிற்சி பெற்றவர்க்கும் வழக்கமான அளவில் பெற்றவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மணிக்கணக்கைக் கூட்டுவதனால் மட்டும் பயன் கூடிவிடாது என்பது இவற்றால் விளங்கும்.

குழந்தையின் அழுகையையும் இங்கே நினைக்க வேண்டும். இறுகிய தசையை வலிந்து நீட்டும்போது குழந்தை அலறுகிறது. 'வலித்தால்தான் பலன்' என்று கூறி நாம் மனத்தைக் கல்லாக்கிக் கொள்கிறோம். நன்மையின் பொருட்டு வலியைப் பொறுக்கச் செய்வது சில வேளைகளில் தவிர்க்க இயலாதது. அறுவை மருத்துவம் அத்தகையது. ஆயினும், அவ்வலி எந்த நன்மைக்கு வழி என்று சொல்ல இயலாதபோது அதனை நாள்தோறும் தொடர்வது இம்சையே ஆகும். நம் நோக்கம் அன்பு என்பதனால் அது அகிம்சை ஆகிவிடாது.

குறைவின் தீங்கு

இனி, மறுபுறம் நோக்குவோம். 'இது முன்வினை, நாம் என்ன செய்ய இயலும்' என்று கூறிக் குழந்தையைப் பாயில் கிடத்திவிடும் இல்லங்கள் இன்றும் உள்ளன. வினைக் கொள்கையை ஏற்றுக்கொண்ட நம் முன்னோர், முயற்சியை மறுத்தவர் அல்லர். வினையை உதிர்த்தற்கு முயற்சியே வழி என்று கூறியவர் அவர்கள். பிறர் துன்பத்தை அவர்தம் வினை என்று சொல்லி விலகுவோமாயின், அது நமக்கு நாமே சேர்த்துக்கொள்ளும் புதிய வினையாகும்.

ஒன்றும் செய்யாதிருப்பதன் விளைவு மெல்ல வருகிறது. ஆதலின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாயிலேயே கிடக்கும் குழந்தையின் இடுப்பு மூட்டு ஓசையின்றி நழுவுகிறது. பத்து வயதில் உட்கார வைக்கும்போதும் உடை மாற்றும்போதும் வலி தெரிகிறது. ஸ்வீடன் நாட்டின் தென்பகுதியில் 1994 முதல் இக்குழந்தைகள் அனைவரையும் பதிவு செய்து, குறித்த காலத்தில் மூட்டுகளை ஆராய்ந்து, எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு நடந்து வருகிறது. அங்கே இடுப்பு மூட்டு விலகும் கொடுமை பெரிதும் குறைந்துவிட்டது. ஒழுங்கான கண்காணிப்பும் உரிய காலத்துச் சிகிச்சையும் செய்த நன்மை இது.

அளவுகோல்கள் மூன்று

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவம் செய்யப் புகுவோன் நோயுற்றவனின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் எண்ண வேண்டும் என்று வகுத்துள்ளது. நம் வினாவிற்கு இம்மூன்றுமே தக்க அளவுகோல்கள் என்பதில் ஐயமில்லை.

முதலாவது, நோயின் நிலை. 1997இல் கனடா நாட்டு அறிஞர்கள் இக்குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து படிகளாகப் பகுத்தனர். முதற்படியில் உள்ள குழந்தை தானே நடக்கும், படியும் ஏறும். ஐந்தாம் படியில் உள்ள குழந்தைக்குத் தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்வதே அரிது. முதற்படிக் குழந்தைக்கும் ஐந்தாம் படிக் குழந்தைக்கும் ஒரே இலக்கை வைப்பது அறியாமை. ஐந்தாம் படிக் குழந்தையை நடக்க வைத்தே தீர்வது என்று பத்தாண்டு போராடுவதினும், அது வலியின்றி உறங்கவும், சாய்ந்து அமர்ந்து புரையேறாமல் உண்ணவும், தன் விருப்பத்தைத் தெரிவிக்கவும் வழி செய்வது மேலானது. இதனைக் கைவிடுதல் என்று எண்ணலாகாது. அக்குழந்தைக்குரிய சிகிச்சை அதுவே.

இரண்டாவது, காலம். 2002இல் வெளிவந்த கனடா ஆய்வொன்று, இக்குழந்தைகள் தாம் அடையக்கூடிய இயக்கத் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினை ஐந்து வயதிற்குள்ளேயே எய்திவிடுவதாகக் காட்டியது. ஆதலின் இளமையில் காலம் தாழ்த்தலாகாது. ஐந்து வயதிற்குப் பின் அனைத்தும் முடிந்தது என்பதும் இதன் பொருளன்று. உடல் வேகமாக வளரும் பருவத்திலும், அறுவை மருத்துவத்திற்குப் பின்னும், புதிய பள்ளிக்குச் செல்லும்போதும் பயிற்சியின் தேவை மீண்டும் எழும். ஆண்டு முழுவதும் ஒரே சீராகத் தருவதினும், சில வாரங்கள் செறிவாகத் தந்து, பின்பு சில வாரங்கள் ஓய்வளிக்கும் முறையையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 2002இல் கனடாவில் ஐந்து குழந்தைகளைக் கொண்டு நடந்த சிறு ஆய்வில், நான்கு வாரப் பயிற்சியும் எட்டு வார ஓய்வும் மாறி மாறி அமைந்தபோது, கற்ற திறன் ஓய்வுக் காலத்திலும் நிலைத்திருந்தது. ஆய்வு சிறிதாயினும், பறிப்புப் பருவத்தில் மலையிறங்க இயலாத குடும்பத்திற்கு இது வழிகாட்டுவதாக உள்ளது.

மூன்றாவது, குழந்தையின் நிலை. பசித்த வயிற்றுடன், தூக்கம் குறைந்து, பேருந்தில் களைத்து வரும் குழந்தைக்கு ஒரு மணி நேரப் பயிற்சி என்பது பெயரளவே. அக்குழந்தை எதனை விரும்புகிறது என்பதும் இதில் அடங்கும். பந்தை எடுக்க விரும்பும் குழந்தை தானே கையை நீட்டுகிறது. அந்நீட்டலை வெறும் பயிற்சியாகச் செய்விக்கும்போது கை மடங்கிக் கொள்கிறது. அண்மைக் காலத்து ஆய்வுகள், இலக்கொன்றைக் குறித்துக்கொண்டு அச்செயலையே பழக்குவது பயன் தருவதாகவும், பிறர் குழந்தையை அசைப்பது மட்டும் அத்துணைப் பயன் தராததாகவும் கூறுகின்றன. குவளையைப் பிடித்துக் குடித்தல், பொத்தானை இடுதல் போன்ற கைத்திறன் ஒன்றிற்கு, இல்லத்துப் பழக்கத்தையும் சேர்த்து ஏறத்தாழ 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டியிருக்கும் என்று 2020இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று மதிப்பிட்டது. அளவைப் பற்றிய வினாவிற்கு எண்ணால் விடை கிடைப்பது, இலக்கு இன்னதென்று தெளிந்த பின்னரே.

இல்லத்தில் நிகழும் சிகிச்சை

அதே அதிகாரம் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணும்போது நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் நான்காவதாகச் சேர்க்கிறது. குழந்தை மருத்துவர் கையில் இருப்பது வாரத்தில் ஒரு மணி அல்லது இரண்டு மணி. எஞ்சிய நேரமெல்லாம் பேணுபவர் கையில்.

1988இல் பிரான்சு நாட்டில் தார்தியே முதலியோர் செய்த ஆய்வு ஒன்று, கணுக்கால் தசை குறுகாதிருக்க அது நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நீண்ட நிலையில் இருக்க வேண்டும் என்று கண்டது. கையால் பத்து நிமிடம் நீட்டுவது அதற்கு ஈடாகாது. ஆறு மணி நேரம் எவரும் கையால் நீட்டவும் இயலாது. தக்க நாற்காலியில் பாதம் தரையில் படிய அமர்தல், நிற்கும் சட்டத்தில் நின்றவாறு விளையாடுதல், இரவில் காலுக்குக் கட்டை கட்டுதல் ஆகியவற்றால் அது இயலும். 2009இல் ஆஸ்திரேலியாவில் நோவக் முதலியோர் செய்த ஆய்வில், பெற்றோர் தாமே தேர்ந்த இலக்குகளுக்காக இல்லத்தில் மாதம் ஏறத்தாழ 17 முறை, முறைக்குப் பதினாறு பதினேழு நிமிடம் என்ற அளவில் பழக்கியபோதே எட்டு வாரங்களில் நற்பயன் தெரிந்தது. மலையூர்த் தாய்க்கும் இவ்வளவு எட்டக்கூடியதே. குளிப்பாட்டும்போதும், உணவூட்டும்போதும், திண்ணையில் அமர்த்தும்போதும் செய்யத்தக்கதைச் செய்வித்தால், தனியே நேரம் ஒதுக்க வேண்டிய சுமையும் குறையும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இல்லத்துப் பயிற்சி என்ற பெயரால் மருத்துவமனையின் பாரம் முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிடலாகாது. தாய் எப்போதும் பயிற்றுநராகவே இருந்தால் குழந்தைக்குத் தாய் யார்? மடியில் கிடத்திக் கதை சொல்லும் நேரமும் அதற்கு வேண்டும்.

'நிறுத்திவிட்டால்?' என்னும் அச்சம்

இவ்வளவு கூறியும், பெற்றோர் உள்ளத்தில் ஓர் அச்சம் எஞ்சி நிற்கும். 'இன்னும் சிறிது முயன்றிருந்தால் என் பிள்ளை நடந்திருப்பானோ? இன்று குறைத்துவிட்டு, நாளை என்னை நானே எவ்வாறு மன்னிப்பேன்?' இவ்வச்சத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. இது அன்பிலிருந்து எழுவது. இதனை விற்பனைப் பொருளாக்கிப் பிழைப்போரும் உளர்.

இதற்கு நாம் காணும் விடை இதுதான். அளவை முன்கூட்டியே முற்ற அறிதல் எவர்க்கும் இயலாது. முயன்று பார்த்தே அறிதல் வேண்டும். ஓர் இலக்கைக் குறித்து, மூன்று மாதம் என்று எல்லை வகுத்து, தொடக்கத்தில் குழந்தையால் இயன்றதையும் முடிவில் இயன்றதையும் மருத்துவரோடு சேர்ந்து எழுதி ஒப்பிட வேண்டும். பயன் தெரிந்தால் தொடரலாம். தெரியாவிடில் முறையையோ இலக்கையோ மாற்றலாம். இவ்வாறு செய்தவர், கூடுவதையெல்லாம் செய்தவராவர். மறுதட்டையும் நோக்க வேண்டும். நடை வருமோ என்ற ஐயத்திற்காகப் பள்ளியை விட்டு, தோழரை விட்டு, பத்தாண்டு பயிற்சி மேடையிலேயே கழிந்தால் அவ்விழப்பையும் யாரேனும் ஒருநாள் கணக்கிடுவர். பெரும்பாலும் வளர்ந்துவிட்ட அப்பிள்ளையே கணக்கிடும்.

ஆதலின், பிள்ளை விவரம் அறியும் வயதை எய்தியதும் அதனையும் கேட்டு முடிவு செய்வது கடமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவு இயலாமை உடைய பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. பயிற்சியின் அளவு அவ்வுரிமையை விழுங்கிவிடாதபடி அமைதல் வேண்டும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். அவருக்கு நடை திரும்பவில்லை. எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது. அவர் உற்ற நோய் வேறு. அவர் வாழ்க்கை உணர்த்தும் உண்மை இங்கும் பொருந்தும். கால் நடப்பதை மட்டும் வாழ்வின் அளவாகக் கொண்டிருந்தால் அவர் பணி நமக்குக் கிடைத்திராது.

நம் கடமை

நம் தமிழகத்தில் நல்வழிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் என்னும் பெயரால் தொண்டாற்றுகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம், சிற்றூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து, மருத்துவ வல்லுநரின் வழிகாட்டலுடன் வீடுதோறும் அனுப்புகிறது. குழந்தை மலையிறங்காமல் சிகிச்சை மலையேறுவதற்கு இது தக்க முன்மாதிரி. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடிச் செல்லும் இயன்முறை மருத்துவமும் இடம்பெற்றுள்ளது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீட்டில் ஆண்டிற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பயன்பெறலாம். பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். இவற்றை அறியாத குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதும் ஓர் அறமே.

நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தையும் ஒன்றாக வைத்துப் போற்றும் மரபினர் நாம். மருந்தை வாங்கித் தருவதோடு அத்தானம் முடிந்துவிடுவதில்லை. தக்க நாற்காலி ஒன்று, இரவில் கட்டும் கால்கட்டை ஒரு சோடி, நான்கு வாரப் பயிற்சிக் காலத்தில் தாயும் சேயும் நகரில் தங்க ஓர் அறை, அந்நாள்களில் இழக்கும் கூலிக்கு ஈடு, தாய் சற்றே உறங்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு துணை ஆகிய யாவும் ஔடத தானமே. நம் உறவினருள் இத்தகைய குழந்தை உடையவர் இருப்பின், 'அந்த ஊரில் ஒருவர் நடக்க வைக்கிறாராம்' என்று புதிய அலைச்சலுக்கு வழி காட்டுவதை நிறுத்துவோம். 'இந்த மூன்று மாதத்திற்கு என்ன இலக்கு வைத்துள்ளீர்கள்? அதில் எங்களால் ஆவது என்ன?' என்று கேட்போம்.

எவ்வளவு போதும் என்னும் வினாவிற்கு எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆயினும் விடை காணும் முறை உண்டு. குழந்தைக்கு அதனால் ஒரு திறன் கூட வேண்டும், அல்லது ஒரு வலி குறைய வேண்டும். குடும்பத்தால் அதனைத் தாங்க இயல வேண்டும். விளையாட்டிற்கும் பள்ளிக்கும் உறக்கத்திற்கும் இடம் எஞ்ச வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும் அளவே அக்குழந்தைக்கு உரிய அளவு. பருவந்தோறும் அதனை மீண்டும் ஆராய்ந்து வகுத்துக்கொள்வதே பெற்றோர் கடன். அவர்கள் அதனைச் செய்ய இயலுமாறு அருகில் நிற்பது நம் கடன்.